மறைந்தியங்கு நிகழ்பட ஆட்டங்களில் சுடுதல் பற்றிய விவாதம்

மறைந்தியங்கு நிகழ்பட ஆட்டம் என்பது எதிரியின் கண்ணிலும் காதிலும் படாமல் ஓரிடத்தைக் கடப்பதை, அல்லது ஒரு பணியை முடித்துத் திரும்புவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட நிகழ்பட ஆட்ட வகையாகும். இவ்வகையில் புகழ்பெற்ற தொடர்கள் பலவற்றின் பிந்தைய பாகங்களில் துப்பாக்கிச் சண்டைக்குக் கூடுதல் இடம் தரப்பட்டது. இம்மாற்றம் தொடரை வளர்த்ததா, அதன் இயல்பைக் கெடுத்ததா என்பது குறித்து இரசிகர்களிடையே நீண்ட காலமாக விவாதம் நடந்து வருகிறது. ஐ.ஜி.ஐ., ஹிட்மேன், ஸ்பிளின்டர் செல், தீஃப், அசாசின்ஸ் கிரீட் ஆகிய தொடர்கள் இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. இவற்றுள் ஐ.ஜி.ஐ. தொடர் தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பகுதிகளில் 2000களின் தொடக்கத்தில் மிகப் பரவலாக ஆடப்பட்டதாகும்.

முதற்பார்வையில் இது சுவை வேறுபாடு போலத் தோன்றும். எனினும் விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியையே சுற்றி வருகிறது. காவலர் ஆட்டக்காரரைக் கண்டுவிட்டால் அடுத்து என்ன நிகழ வேண்டும் என்பதே அக்கேள்வி. பணி அங்கேயே தோல்வியில் முடிந்தால் அது ஒருவகை ஆட்டம். பத்துக் காவலரையும் சுட்டுவிட்டு வழியைத் தொடரலாம் என்றால் அது வேறொரு வகை ஆட்டம். ஒரு தொடரின் பாகங்களை வரிசையாக வைத்து இந்த ஒரு கூறை மட்டும் ஒப்பிட்டாலே அத்தொடர் எத்திசையில் நகர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

சொல்லும் மரபும்

மறைந்து தாக்குதலும் வெளிப்படையாக எய்தலும் பற்றிய கேள்வி தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் கூறும் புறத்திணைகளுள் வெட்சி, பகைவர் அறியாமல் அவரது ஆநிரையைக் கவர்ந்து வருவதாகும். களவாக நடந்தாலும் அது போரின் முறையான தொடக்கமாகவே கொள்ளப்பட்டது. கம்பராமாயணத்தில் இராமன் மறைந்து நின்று வாலி மீது அம்பெய்தது அறமா என்ற வினா, இன்றும் பட்டிமன்றங்களில் ஓயாமல் எழுப்பப்படுகிறது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமோ மாறுவேடத்தை ஒற்றரின் இயல்பான கருவியாகவே பேசுகிறது.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை இவ்விரு முறைகளுக்கும் ஒருசேர அடையாளங்களைக் கொண்டுள்ளது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடல் கூறுகிறது. அதே மலைக்குரியதாகச் சங்க இலக்கியங்கள் பாடும் கொல்லிப்பாவை, வில்லும் வாளும் இன்றித் தன் அழகாலும் சிரிப்பாலும் பகைவரை ஈர்த்து அழிக்கும் என்பது பிற்கால மரபுச் செய்தி. ஓரியின் வழியா, பாவையின் வழியா என்பதே இக்கால ஆட்டங்களைப் பற்றிய விவாதமும் என்று கூறினால் பெரிதும் பிழையாகாது.

தொடக்க கால ஆட்டங்கள்

இவ்விவாதத்துக்குக் காரணமான முதல் திசைமாற்றம் மிகப் பழையதாகும். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் மியூஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சைலஸ் வார்னர் உருவாக்கிய காசில் வுல்ஃபென்ஸ்டைன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாசிக் கோட்டையொன்றில் அடைபட்ட கைதியின் தப்பித்தலைப் பொருளாகக் கொண்டது. இதில் தோட்டாக்கள் மிகக் குறைவு. காவலரின் சீருடையை அணிந்து அவர்களைக் கடந்து செல்லலாம். துப்பாக்கியை நீட்டிக் காவலரைச் சரணடையச் செய்து சோதனையிடலாம். சுடுவது கடைசி வழியாகவே இருந்தது. 1984இல் வெளிவந்த இதன் தொடர்ச்சியும் இதே போக்கில் சென்றது.

இத்தொடரின் பெயரைக் கொண்டு ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 1992இல் வெளிவந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி, முதல்நபர் சுடும் ஆட்டங்களின் முன்னோடியாகப் போற்றப்படுவது. இதன் உருவாக்கத்தின்போது பிணத்தை இழுத்து மறைத்தல், உடலைச் சோதனையிடுதல் முதலிய பழைய கூறுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. அவை ஆட்டத்தின் விரைவைக் குறைக்கின்றன என்று கருதிய உருவாக்குநர்கள் பின்னர் அவற்றை நீக்கினர். ஓடிக்கொண்டே சுடுவதில் கிடைத்த மகிழ்ச்சிக்கு முன் காத்திருப்பது இடையூறாகத் தோன்றியது. இம்முடிவு வணிக நோக்கில் சரியானதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் மறைந்தியங்கு ஆட்டமொன்றின் பெயர் சுடும் ஆட்டமொன்றுக்குப் போய்ச்சேர்ந்த முதல் பெரும் நிகழ்வு இதுவே. இன்று வுல்ஃபென்ஸ்டைன் என்ற பெயரைக் கேட்பவர்களுள் பெரும்பாலானோருக்கு அதன் முதற்பாகத்தின் இயல்பு தெரியாது.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் உண்டு. ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் பணியாற்றிய இடியோ கொஜிமாவிடம் 1987இல் எம்.எஸ்.எக்ஸ்.2 கணினிக்கான போர் ஆட்டமொன்று ஒப்படைக்கப்பட்டது. அக்கணினியால் திரையில் பல எதிரிகளையும் தோட்டாக்களையும் ஒரே நேரத்தில் காட்ட இயலவில்லை. எனவே எதிரிகளிடமிருந்து ஒளிந்து செல்வதையே அவர் ஆட்டமாக்கினார். மெட்டல் கியர் தொடர் இவ்வாறு பிறந்தது. வன்பொருளின் குறைபாடு ஒரு வகைமையைத் தந்தது என்பதால், குறைபாடு நீங்கிய பின்னும் அவ்வகைமை ஏன் நீடிக்க வேண்டும் என்று சுடுதல் ஆதரவாளர்கள் சிலர் கேட்பதுண்டு. 1998இல் வெளியான மெட்டல் கியர் சாலிட் பெற்ற பெருவெற்றியே அதற்கு விடையாகக் கூறப்படுகிறது.

தீஃப் தொடர்

லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1998இன் இறுதியில் வெளிவந்த தீஃப்: த டார்க் புராஜெக்ட், ஒளியையும் ஒலியையும் ஆட்டத்தின் மையப் பொருளாக்கியது. கேரட் என்னும் திருடன் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறான் என்பதைத் திரையின் கீழே ஒரு மணிக்கல் காட்டும். கம்பளத்தின் மீது நடந்தால் ஓசை எழாது. உலோகத் தளத்தில் நடந்தால் காவலர் திரும்பிப் பார்ப்பார். கடினநிலையை உயர்த்தும்போது எதிரிகளின் வலிமை கூடுவதற்குப் பதிலாக, எவரையும் கொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது. திறமையான ஆட்டக்காரர் குறைவாகக் கொல்வார் என்ற கருத்தை விதியாகவே எழுதிய ஆட்டம் இது.

முதற்பாகத்தில் இடம்பெற்ற பேய்களும் விலங்குகளும் திருட்டுக்குப் பொருந்தவில்லை என்று இரசிகர்கள் குறைகூறினர். 2000இல் வெளியான இரண்டாம் பாகத்தில் அவை குறைக்கப்பட்டு, மாளிகைகளிலும் வங்கியிலும் புகுந்து திருடும் கட்டங்கள் பெருகின. தொடர்ச்சி ஒன்று முன்னதைவிடக் கூடுதலாக மறைவை நாடிச் சென்றதற்கு இது அரிய எடுத்துக்காட்டு. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் மூடப்பட்டது.

ஐடோஸ் மான்றியால் நிறுவனம் தீஃப் என்ற பெயரிலேயே உருவாக்கிய புதிய ஆட்டம் 2014இல் வெளியானது. வெளியீட்டுக்கு முந்தைய ஆண்டில் காட்டப்பட்ட முன்னோட்டத்தில், எதிரியின் தலையில் அம்பெய்தால் அனுபவப் புள்ளிகள் கிடைத்தன. திருடனின் ஆட்டத்தில் கொலைக்குப் பரிசா என்று பழைய இரசிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். நிறுவனம் அப்புள்ளி முறையை முற்றிலுமாக நீக்கியது. விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே இரசிகர்களின் எதிர்ப்பு அதன் விதியை மாற்றிய நிகழ்வு என்ற அளவில் இது குறிப்பிடத்தக்கது.

ஐ.ஜி.ஐ. தொடரும் இந்தியாவும்

புராஜெக்ட் ஐ.ஜி.ஐ. என்னும் ஆட்டம் நார்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் இயங்கிய இன்னர்லூப் ஸ்டுடியோஸ் உருவாக்கி, ஐடோஸ் நிறுவனத்தால் 2000 டிசம்பரில் வெளியிடப்பட்டதாகும். நான் உள்ளே போகிறேன் என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ஐ.ஜி.ஐ. என்பது. முன்னாள் பிரித்தானியச் சிறப்புப் படைவீரரான டேவிட் ஜோன்ஸ் தனியாளாகக் கிழக்கு ஐரோப்பியப் படைத்தளங்களுக்குள் நுழைந்து 14 பணிகளை முடிக்கிறார்.

மேலை நாடுகளில் இவ்வாட்டம் நடுத்தரமான வரவேற்பையே பெற்றது. இந்தியாவில் நிலைமை வேறு. கணினி பரவத் தொடங்கிய அக்காலத்தில் வீட்டுக் கணினிகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் கல்லூரி விடுதிகளிலும் இது நிறுவப்பட்டிருந்தது. வலுவான வரைவியல் அட்டை இல்லாத கணினிகளிலும் ஓரளவு ஓடியது ஒரு காரணம். கைமாறிப் பரவிய குறுந்தகடுகள் மற்றொரு காரணம். அக்காலத்தில் கணினி கற்ற ஒரு தலைமுறைக்கு முதல்நபர் சுடும் ஆட்டம் என்றாலே ஐ.ஜி.ஐ. என்ற நிலை இருந்தது.

ஆட்டத்தின் அமைப்பே விவாதத்துக்கு இடந்தருவதாக இருந்தது. போர் விமான ஆட்டமொன்றுக்காக அந்நிறுவனம் முன்னர் உருவாக்கிய மென்பொருளைக் கொண்டு செய்யப்பட்டதால், இதன் நிலப்பரப்பு மிகப் பரந்தது. தொலைவிலுள்ள குன்றின் மீது நின்று தொலைநோக்கியால் தளத்தை ஆராயலாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் காவலரின் நடமாட்டத்தைக் காணலாம். கண்காணிப்பு கேமராக்களை நிறுத்தலாம், கம்பி வடத்தில் சறுக்கி வேலியைக் கடக்கலாம். ஓசையடக்கி பொருத்திய எம்.பி.5 துப்பாக்கி கையில் இருக்கும். இவை யாவும் மறைந்து செல்லத் தூண்டும் கூறுகள். ஆனால் அதே கையில் ஏ.கே.47, ஜாக்ஹேமர், எறிகுண்டு ஆகியவையும் கிடைக்கும்.

மாட்டிக்கொண்டால் அபாயச் சங்கு ஒலிக்கும். படைவீடுகளிலிருந்து காவலர்கள் மீண்டும் மீண்டும் வெளியே வருவார்கள். எல்லாக் காவலரையும் கொன்றுவிட்டு நிம்மதியாக உலவ இயலாது. இதைவிடக் கடுமையானது, பணியின் நடுவே ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி இல்லாமை. முக்கால் மணிநேரம் ஊர்ந்து சென்று கடைசி வாயிலில் ஒரு காவலரின் கண்ணில் பட்டு இறந்தால், பணியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்விதி இருவகை ஆட்டக்காரர்களை உருவாக்கியது. ஒரு சாரார், சேமிப்பு இல்லாததே ஒவ்வொரு அடிக்கும் அச்சத்தைத் தருகிறது, அந்த அச்சமே ஆட்டத்தின் உயிர் என்றனர். மற்றொரு சாரார், விரைந்து சுட்டுக்கொண்டே ஓடினால் பணி பத்து நிமிடத்தில் முடிகிறது, தோற்றாலும் இழப்புக் குறைவு என்றனர். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி ஆடியவருக்கு இரண்டாம் வழி சிக்கனமானது என்பதையும் இங்குக் கருத வேண்டும். பொறுமைக்கும் ஒரு விலை இருந்தது. சொந்தக் கணினி வைத்திருந்தவருக்கும் வாடகைக் கணினியில் ஆடியவருக்கும் ஒரே ஆட்டம் இரு வேறு ஆட்டங்களாகத் தோன்றியதில் வியப்பில்லை.

2003இல் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஐ.ஜி.ஐ. 2: கோவர்ட் ஸ்டிரைக் இக்குறைகளுக்கு விடையளிக்க முயன்றது. பணிகள் 19 ஆக உயர்ந்தன. லிபியா, சீனா ஆகிய நாடுகளும் களங்களாயின. ஒரு பணிக்குள் குறிப்பிட்ட சில முறை மட்டும் சேமிக்க வழி செய்யப்பட்டது. ஆட்டக்காரர் எந்த அளவு வெளித்தெரிகிறார் என்பதைக் காட்டும் அளவி, பூட்டுத் திறத்தல், வெப்பத்தைக் காட்டும் கண்ணாடி ஆகியவை மறைவுக்கு வலுச்சேர்த்தன. அதே வேளையில் மெல்லிய சுவர்களைத் தோட்டா துளைத்துச் செல்லுதல், ஆயுதங்களின் பெருக்கம், பலர் இணைந்து ஆடும் போர்முறை ஆகியவை சுடுதலுக்கு வலுச்சேர்த்தன.

எந்தப் பாகம் சிறந்தது என்பதில் இந்திய இரசிகர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. நுட்ப அளவில் இரண்டாம் பாகமே முழுமையானது. இருப்பினும் முதற்பாகத்தின் பெயரே இந்தியாவில் நிலைத்துவிட்டது. சேமிப்பு வசதி வந்தவுடன் மாட்டிக்கொள்வதன் இழப்புக் குறைந்தது. இழப்புக் குறைந்ததும் துணிந்து சுடுவது எளிதானது. மறைவுக்கான கருவிகள் கூடியபோதும் மறைந்திருக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது என்பதே முதற்பாக ஆதரவாளர்களின் வாதத்தின் சாரம். கருவிகளைப் பார்த்து மட்டும் ஓர் ஆட்டத்தின் இயல்பை முடிவு செய்ய இயலாது என்பதற்கு இது நல்ல சான்று.

இத்தொடரின் முன்கதையாக ஐ.ஜி.ஐ. ஆரிஜின்ஸ் என்னும் ஆட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது. 1980களின் பனிப்போர்க் காலத்தைக் களமாகக் கொண்ட அவ்வாட்டம், 2023இல் அதனை உருவாக்கி வந்த ஸ்டுடியோ மூடப்பட்டதால் கைவிடப்பட்டது. மறைவா, சுடுதலா என்பதற்கு அது எவ்விடை தந்திருக்கும் என்பது தெரியாமலே போயிற்று.

ஹிட்மேன் தொடர்

டென்மார்க்கின் ஐ.ஓ. இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கிய ஹிட்மேன் தொடரில் மறைவு என்பது இருளில் ஒளிதல் அன்று. கூட்டத்தில் ஒருவராக மாறுதலே மறைவு. ஏஜென்ட் 47 என்னும் கூலிக்கொலைஞர், சமையற்காரராகவோ காவலராகவோ உடைமாற்றிக்கொண்டு எவர் முன்னும் நடமாடுவார். 2002இல் வெளிவந்த ஹிட்மேன் 2: சைலன்ட் அசாசின், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஆட்டக்காரருக்கு ஒரு பட்டத்தை வழங்கியது. இலக்கை மட்டும் சத்தமின்றி முடித்தவருக்கு உயர்ந்த பட்டம்; எல்லோரையும் சுட்டவருக்கு வெகுசனக் கொலைகாரர் என்ற பட்டம். சுடுவதைத் தடுக்காமல் அதை இழிவாக மட்டும் காட்டிய இம்முறை, பின்னர் பல ஆட்டங்களால் பின்பற்றப்பட்டது.

இதே ஆட்டத்தின் சில கட்டங்கள் பஞ்சாபில் நிகழ்வதாக அமைக்கப்பட்டிருந்தன. பொற்கோயிலை நினைவூட்டும் இடத்தில் சீக்கியத் தோற்றம் கொண்டவர்களைச் சுடும் வகையில் அவை இருந்ததால் சீக்கிய அமைப்புகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. 1984ஆம் ஆண்டு நிகழ்வுகளின் வடு ஆறாத நிலையில் அவ்வெதிர்ப்பு எழுந்தது. அதன்பின் அப்பகுதிகள் மாற்றப்பட்டுப் புதிய பதிப்பு வெளியிடப்பட்டது. எவ்வாறு ஆடுவது என்பதோடு எங்கே, எவரைச் சுடுவது என்பதும் கேள்வியாகும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

2012இல் வெளியான ஹிட்மேன்: அப்சொலூஷன் தொடரின் பழைய இரசிகர்களைப் பெரிதும் ஏமாற்றியது. பரந்த கட்டங்களுக்குப் பதிலாக ஒருவழிப் பாதைகள் வந்தன. ஒரு காவலரின் உடையை அணிந்தால், அதே உடை அணிந்த மற்றெல்லாக் காவலர்களும் ஐயுற்றனர். மாறுவேடத்தின் பயன் குறைந்ததும் சுடுதல் தானாகவே கூடியது. நேரத்தை நிறுத்திப் பலரைக் குறிவைத்து ஒரே வீச்சில் வீழ்த்தும் வசதியும் தரப்பட்டிருந்தது. 2016இல் வந்த புதிய ஹிட்மேன் இவற்றைக் கைவிட்டு, பெரிய திறந்த கட்டங்களுக்கும் மாறுவேடத்துக்கும் திரும்பியது. 2018ஆம் ஆண்டின் ஹிட்மேன் 2 ஆட்டத்தில் மும்பை நகரமே ஒரு கட்டமாக அமைந்தது. சேரிச் சந்துகளும் சலவைத் துறையும் பாதி கட்டிய அடுக்குமாடியும் நிறைந்த அக்கட்டத்தில் ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் மூன்று இலக்குகளையும் முடிக்கலாம். இரசிகர்களின் முறையீட்டால் ஒரு தொடர் தன் வேருக்குத் திரும்பியதற்கு ஹிட்மேன் முதன்மையான சான்றாகும்.

ஸ்பிளின்டர் செல் தொடர்

விவாதம் மிகக் கூர்மையாக நடந்தது யூபிசாஃப்டின் ஸ்பிளின்டர் செல் தொடர் பற்றியே. 2002இல் வெளியான முதற்பாகத்தில் சாம் ஃபிஷர் என்னும் அமெரிக்க உளவாளி, மூன்று பச்சை விளக்குகள் கொண்ட இரவுக் கண்ணாடியுடன் இருளில் இயங்கினார். பல பணிகளில் மூன்றாவது முறை எச்சரிக்கை மணி ஒலித்தால் ஆட்டம் முடிந்துவிடும். விளக்கைச் சுட்டு அணைப்பதே தோட்டாவின் முதற்பயன் என்ற நிலை இருந்தது.

2005ஆம் ஆண்டின் மூன்றாம் பாகமான கேயாஸ் தியரி இத்தொடரின் சிகரமாகப் பெரும்பாலான இரசிகர்களால் கருதப்படுகிறது. அதுவே விதியைத் தளர்த்திய பாகம் என்பது பலரும் மறக்கும் செய்தி. இதில் மணி ஒலித்தாலும் பணி தோற்காது. காவலர்கள் தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து எச்சரிக்கையாவர். முடிவில் வழங்கப்படும் விழுக்காடு குறையும். நூறு விழுக்காடு பெற ஒருவரையும் கொல்லக்கூடாது. சுற்றுப்புற ஓசையையும் ஆட்டக்காரர் எழுப்பும் ஓசையையும் ஒப்பிட்டுக் காட்டும் அளவியும் சேர்க்கப்பட்டது. மழை பெய்யும்போது ஓடலாம், அமைதியான அறையில் ஊர்ந்தே செல்ல வேண்டும். இவ்வாறு தண்டனையைத் தளர்த்திய அதே கையால் உருவாக்குநர்கள் மறைவை இன்னும் சுவையானதாக்கினர். எனவே, பாகங்கள் சுடுதலுக்கு இடம் கொடுத்ததால்தான் கெட்டன என்று பொதுவாகக் கூறிவிட முடியாது.

பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2010இல் வெளியான கன்விக்‌ஷன் வேறு மனநிலையில் உருவானது. ஃபிஷர் இதில் சினம் கொண்டவர், விரைபவர். இருளில் நின்றால் திரை கருப்புவெள்ளையாக மாறும். கைகளால் ஒருவரை வீழ்த்தினால், குறியிட்ட எதிரிகளை ஒரு பொத்தானை அழுத்தித் தவறாமல் சுட்டு வீழ்த்தும் வாய்ப்புக் கிடைக்கும். உடலைத் தூக்கி மறைக்கும் வசதி நீக்கப்பட்டது. எதிரியை மயக்கமடையச் செய்யும் வழியும் இல்லை. உடலை மறைக்க இயலாத ஆட்டத்தை மறைந்தியங்கு ஆட்டம் என்பதா என்று பழைய இரசிகர்கள் கேட்டனர். வேட்டையாடப்படுபவனிலிருந்து வேட்டையாடுபவனாக ஃபிஷர் உயர்ந்தான் என்று புதியவர்கள் பாராட்டினர். இரண்டுமே உண்மை. கன்விக்‌ஷன் திறமாகச் செய்யப்பட்ட ஆட்டம். அது வேறு பெயரில் வந்திருந்தால் இவ்வளவு சினம் எழுந்திராது.

2013இல் டொராண்டோ ஸ்டுடியோ உருவாக்கிய பிளாக்லிஸ்ட் இருதரப்பையும் அணைக்க முயன்றது. எவர் கண்ணிலும் படாமல், உயிர்க்கொலையின்றிச் செல்லுதல், மறைந்திருந்து கொல்லுதல், வெளிப்படையாகத் தாக்குதல் என மூன்று வழிகளுக்கும் தனித்தனிப் புள்ளிகள் வழங்கப்பட்டன. மிகக் கடினமான நிலையில் குறியிட்டுச் சுடும் வசதி நீக்கப்பட்டது. மறைவு இரசிகர்கள் ஓரளவு மனநிறைவு அடைந்தனர். எனினும் விற்பனை நிறுவனத்தின் எதிர்பார்ப்பை எட்டவில்லை. அதன்பின் நெடுங்காலம் புதிய பாகம் எதுவும் வரவில்லை. 2021 டிசம்பரில் நிறுவனம் முதற்பாகத்தையே மறுஉருவாக்கம் செய்வதாக அறிவித்தது. தொடரின் எதிர்காலத்தைத் தேடி அதன் தொடக்கத்துக்குச் சென்றது கவனிக்கத்தக்கது.

இருதரப்பு வாதங்கள்

சுடுதலை ஆதரிப்போரின் வலுவான வாதம் சுதந்திரம் பற்றியது. ஒரே தவறுக்காகப் பணியைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்யவைப்பது ஆட்டக்காரரின் நேரத்தை மதிக்காத செயல் என்கின்றனர். மாட்டிக்கொண்ட பின் சமாளித்துத் தப்புவதும் கதையின் சுவையான பகுதியே. மேலும் பெரும்பொருட்செலவில் உருவாகும் ஆட்டம் பல இலட்சம் படிகள் விற்றால்தான் அடுத்த பாகம் வரும். பொறுமை மிக்க சிலருக்காக மட்டும் அத்தகைய ஆட்டத்தை உருவாக்க இயலாது.

மறைவை ஆதரிப்போர் இதே சுதந்திரத்தை வேறாகப் பொருள்கொள்கின்றனர். துப்பாக்கி வலுவாக உள்ள ஆட்டத்தில் மறைவது வெறும் அலங்காரமாகிவிடுகிறது என்பது அவர்கள் கூற்று. அறைக்குள் நுழைந்து பத்து நொடியில் எல்லோரையும் சுட முடியும்போது, மேசைக்கடியில் ஐந்து நிமிடம் காத்திருப்பவர் தனக்குத்தானே விதி வகுத்துக்கொண்டு ஆடுகிறார். ஆட்டம் அவருக்குத் துணை நிற்பதில்லை. சுடும் ஆட்டங்கள் ஏராளமாக இருக்க, மறைவுக்கென்றே இருந்த சில தொடர்களும் அவ்வழியில் சென்றால் எஞ்சுவது என்ன என்ற கேள்வியில் நியாயம் உண்டு.

இரசிகர்கள் அதிகம் பேசாத மூன்றாவது கூறு, கட்டாயச் சண்டை. 2011இல் வெளியான டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் ஆட்டத்தை முழுவதும் மறைந்தே ஆடிவந்தவர், தலைமை எதிரிகளின் முன் திடீரெனத் துப்பாக்கி ஏந்தியாக வேண்டியிருந்தது. அக்கட்டங்கள் வெளி நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டு உருவானவை. அதுவரை மறைவுத் திறனை மட்டும் வளர்த்துவந்தவர்கள் அங்கே திணறினர். எதிர்ப்பின் விளைவாக 2013இன் திருத்தப் பதிப்பில் அச்சண்டைகளிலும் மறைந்து வெல்லும் வழிகள் சேர்க்கப்பட்டன. சுடலாம் என்பதைவிடச் சுட்டே ஆக வேண்டும் என்பதே மறைவு ஆட்டக்காரரை உண்மையில் புண்படுத்துகிறது.

சமரச முயற்சிகள்

விவாதத்தைத் தீர்க்க உருவாக்குநர்கள் கையாண்ட வழிகள் பலவாகும். 2012இன் டிஸ்ஹானர்ட் ஆட்டத்தில் கொலைகள் பெருகினால் நகரில் எலிகளும் நோயும் பெருகும். கதையின் முடிவும் இருண்டதாகும். கொல்வதற்கென்றே அருமையான கருவிகளைத் தந்துவிட்டு அவற்றைப் பயன்படுத்தினால் குற்றம் சாட்டுகிறது என்று இதனைக் குறைகூறியவர்களும் உண்டு.

2015ஆம் ஆண்டின் மெட்டல் கியர் சாலிட் 5: த ஃபேண்டம் பெய்ன் நன்னெறி பேசாமல் எதிரிகளைக் கற்றுக்கொள்ள வைத்தது. தலையைக் குறிவைத்தே சுட்டுவந்தால் காவலர்கள் தலைக்கவசம் அணியத் தொடங்குவர். இரவிலேயே தாக்கிவந்தால் இரவுக் கண்ணாடி அணிவர். எந்த ஒரு வழியும் நிலையான எளிய வழியாக இருக்காது. இதுவரை முன்வைக்கப்பட்ட விடைகளுள் மிக நுட்பமானது இதுவே எனலாம்.

அசாசின்ஸ் கிரீட் தொடரின் வரலாறு நீண்டது. 2016 ஜனவரியில் வெளியான அசாசின்ஸ் கிரீட் குரோனிக்கிள்ஸ்: இந்தியா, 1841ஆம் ஆண்டின் சீக்கியப் பேரரசைக் களமாகக் கொண்ட பக்கவாட்டு ஆட்டமாகும். அதில் அர்பாஸ் மிர் என்னும் தலைவன் எவரையும் தொடாமல் கடந்து சென்றால் உயர்ந்த மதிப்பெண்ணும், சண்டையிட்டுச் சென்றால் குறைந்த மதிப்பெண்ணும் கிடைத்தன. முதன்மைத் தொடரோ 2017இன் ஆரிஜின்ஸ் பாகத்திலிருந்து எதிர்த்திசையில் சென்றது. எதிரியின் நிலை உயர்வாக இருந்தால், பின்னால் பதுங்கிச் சென்று மறைகத்தியால் குத்தினாலும் அவன் சாகமாட்டான். தொடரின் அடையாளமான கத்தியே செயலிழந்தது என்று இரசிகர்கள் முறையிட்டனர். 2020இன் வல்ஹல்லாவில் அக்குத்து தவறாமல் கொல்லும்படி அமைத்துக்கொள்ளும் விருப்பத்தேர்வு தரப்பட்டது. 2023இன் மிராஜ் சிறிய, மறைவை முதன்மையாகக் கொண்ட ஆட்டமாக வெளிவந்தது.

2025 மார்ச்சில் வெளியான அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ், விவாதத்தின் இருதரப்பையும் இரு மாந்தர்களாகவே பிரித்துவிட்டது. ஜப்பானைக் களமாகக் கொண்ட அதில் நாவோயே என்னும் நிஞ்சாப் பெண் இருளில் ஒளிந்து, கூரைமீது ஊர்ந்து செல்வாள். யசுகே என்னும் சாமுராய் வாயிலை உடைத்துக்கொண்டு நுழைவார். அவரால் நாவோயேயைப் போல் சத்தமின்றி ஏற இயலாது. அவளால் யசுகேயைப் போல் கூட்டத்தை எதிர்கொள்ள இயலாது. பெரும்பாலான இடங்களில் எவரைக் கொண்டு ஆடுவது என்பதை ஆட்டக்காரரே தெரிவு செய்கிறார்.